இடாப்பின் திறவுகோல்

நான் பத்திரிகைத்துறையில் காலடி வைத்த நாட்களில் எங்கள் ஆசிரியபீடத்தின் மூலையில் ஒரு மர அலுமாரி இருந்தது. அதன் கீழ்த்தட்டில் நீல மட்டை போட்ட ஓர் இடாப்பு. 'ஆசிரியருக்குக் கடிதம்' பகுதிக்குப் புனைபெயரில் எழுதுவோரின் சொந்தப் பெயரும் விலாசமும் அதில் பதியப்பட்டிருக்கும். பெயர் தெரியாதவரின் கடிதத்தைப் பிரசுரிப்பதில்லை என்பது பத்திரிகையின் விதி. எழுதியவரின் பெயரை வெளியிடுவதில்லை என்பது அதற்கு ஈடாக நாம் வாசகருக்கு அளித்த வாக்குறுதி. அலுமாரிக்கு நல்ல பூட்டு உண்டு. திறவுகோல் அலுமாரிக்குப் பக்கத்திலேயே சுவரில் அடித்திருந்த ஆணியில் தொங்கும்.

ஒருமுறை ஆசிரியர் ஒருவர் தமது பாடசாலையின் கட்டட நிதி பற்றிப் புனைபெயரில் ஒரு கடிதம் எழுதினார். கடிதம் வெளிவந்து மூன்று வாரங்களுக்குள் அவருக்குத் தூரத்துப் பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் கிடைத்தது. அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, "தம்பி, என்ரை பேரை ஆர் குடுத்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்தபோது எல்லோரும் கையை விரித்தார்கள். விளம்பரப் பகுதியிலிருந்து யாரோ வந்து கேட்டதாகவும், எழுதுவினைஞர் எடுத்துக் காட்டியதாகவும் பின்னர் ஒரு கதை உலாவியது. அது மெய்யா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எவரும் பூட்டை உடைக்கவில்லை. எவரும் எதையும் திருடவில்லை. இடாப்பைப் பார்த்தவர் யார் என்று எழுதிவைக்கும் வழக்கமும் எங்களிடம் இருக்கவில்லை.

பல ஆண்டுகளின் பின்னர் இந்த அலுமாரியை எனக்கு நினைவூட்டியவர், ரொறன்ரோவில் தரவுப் பொறியியலாளராகப் பணிபுரியும் என் தங்கையின் மகன். அவரது வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, "நீர் அலுவலகத்தில் என்னதான் செய்கிறீர்?" என்று கேட்டேன். தமது நிறுவனத்தின் விடயங்களைக் காட்ட இயலாது என்று கூறி (அந்த ஒழுக்கம் எனக்குப் பிடித்திருந்தது), பயிற்சிக்காகத் தமது சொந்தக் கணினியில் அமைத்து வைத்திருந்த ஒரு சிறிய தரவுக் கொத்தணியைத் திறந்தார். "மாமா, உங்கட கந்தோர் அலுமாரியைத்தான் நாங்கள் இஞ்சை பெரிசாக் கட்டி வைச்சிருக்கிறம்" என்றார்.

கொத்தணி என்ற சொல் எங்கள் செய்திகளில் ஒரு காலம் குண்டோடும், 2020 இல் கொரோனாவோடும் ஒட்டிக்கொண்டு வந்த சொல். இங்கே அதற்குப் பொருள் வேறு. ஒரே கணினியில் அடங்காத பெருந்தரவைத் துண்டு துண்டாக்கி, பல கணினிகளில் பங்கிட்டு வைத்து, அவையனைத்தையும் ஒரே இயந்திரம் போல இயக்கும் ஏற்பாடு அது. இதற்கென உருவான மென்பொருள்களில் பெயர்பெற்றது ஹடூப். டக் கட்டிங், மைக் கபரெல்லா ஆகியோரின் உழைப்பில் 2006 இல் தனித் திட்டமாக வெளிவந்தது. கட்டிங்கின் சிறு மகன் வைத்திருந்த பொம்மை யானையின் பெயர்தான் அது. வங்கி, தொலைபேசி நிறுவனம், மருத்துவமனை, வருமான வரித் திணைக்களம் என்று உலகெங்கும் இந்த யானையின் முதுகில் ஏற்றப்பட்ட இடாப்புகளுக்குக் கணக்கில்லை.

யானையைப் பழக்கியவர்கள் தொடக்கத்தில் அதற்குக் காவல் பற்றி யோசிக்கவில்லை என்பதே எனக்கு வியப்பளித்த விடயம். ஆரம்ப கால ஹடூப், வருபவர் தம் பெயரை என்னவென்று சொல்கிறாரோ அதை அப்படியே நம்பிவிடும். 'நானே தலைமை நிர்வாகி' என்று ஒருவர் தமது கணினியில் ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தால் அவரே தலைமை நிர்வாகி. வேலி போட்ட வளவுக்குள் நம்பிக்கையானவர்கள் மாத்திரம் உலாவுவார்கள் என்ற எண்ணம். யாகூ நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 2009 அளவில், அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் பிறந்த கெர்பரோஸ் என்ற ஆளடையாள முறையை இதனுடன் பொருத்தத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. அதன் பின்னரும் அதைப் பொருத்தாமல் விட்டவர்கள் ஏராளம். இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித் தரும் ஷோடான் என்ற தளம் 2017 மே மாதத்தில் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ 4,500 ஹடூப் சேவையகங்கள் 5,120 ரெராபைற் தரவுடன் பொதுவெளியில் தெரிந்தன. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே இப்படித் திறந்து கிடந்த கொத்தணிகள் சிலவற்றுக்குள் நுழைந்தவர்கள் தரவை அழித்துவிட்டுச் சென்றிருந்தார்கள். எச்சரிக்கை கிடைத்தும் கதவைச் சாத்தாதவர்கள் அவ்வளவு பேர்.

சரி, கதவும் காவலும் வந்தன. ஆனால் உள்ளே வந்தவர் எந்த அறைக்குப் போகலாம், எந்தப் பக்கத்தைப் புரட்டலாம் என்று யார் தீர்மானிப்பது? அதற்காக எழுந்ததே என் மருமகன் காட்டிய நிர்வாக முகப்பு. அப்பாச்சி ரேஞ்சர் என்று பெயர். எக்ஸ்.ஏ. செக்கியூர் என்ற சிறு நிறுவனம் ஆக்கியதை 2014 இல் ஹோர்ட்டன்வேர்க்ஸ் விலைக்கு வாங்கி, பொதுவுடைமையாக அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. முதலில் ஆர்கஸ் என்று பெயரிட்டார்கள். கிரேக்கப் புராணத்தில் நூறு கண்களையுடைய காவலன் அவன். எங்கள் இந்திரனுக்கு ஆயிரம் கண்கள் வந்த கதை வேறு. அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை. பின்னர் ரேஞ்சர், அதாவது வனக் காவலர், என்று மாற்றினார்கள்.

முகப்பு பார்வைக்கு மிகச் சாதாரணமானது. எங்கள் பிரதேச செயலகத்தில் நிரப்பும் படிவத்தைவிடச் சிக்கலானதல்ல. எந்தத் தரவு என்று ஒரு கட்டம்; தரவுத்தளத்தின் பெயர், அட்டவணையின் பெயர், நிரலின் பெயர். யாருக்கு என்று இன்னொரு கட்டம். ஆள், குழு, பொறுப்பு. என்ன செய்யலாம் என்று மூன்றாவது. வாசிக்கலாம், எழுதலாம், மாற்றலாம், அழிக்கலாம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கொள்கை'. நாட்டின் மொழிக் கொள்கை, காணிக் கொள்கை என்றே இந்தச் சொல்லை எழுதிப் பழகிய எனக்கு, ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு கொள்கை பிறந்துவிடுகிறது என்பது சற்று வேடிக்கையாக இருந்தது. பிறந்த கொள்கை முப்பது விநாடிக்குள் கொத்தணியெங்கும் நடைமுறைக்கு வந்துவிடும். ஒவ்வொரு சேவையோடும் ஒட்டியிருக்கும் ஒரு சிறு செருகி முப்பது விநாடிக்கு ஒருமுறை முகப்பிடம் வந்து 'புதிதாக ஏதும் உண்டா?' என்று கேட்டுப்போகும். முகப்பு செயலிழந்துவிட்டால் கடைசியாகக் கொண்டுபோன பிரதியை வைத்துக் காவலைத் தொடரும். எங்கள் அரச அலுவலகங்களில் மேலதிகாரி விடுமுறையில் சென்றால் கோப்பு நகராது. இந்த ஏற்பாடு அந்த வகையில் முன்னேற்றம்தான்.

மருமகன் என் பெயரில் ஒரு பயனரை உருவாக்கினார். கற்பனை வாடிக்கையாளர்களின் பட்டியலொன்றை நான் வாசிக்கலாம், ஆனால் தொலைபேசி இலக்கங்களின் கடைசி நான்கு எண்கள் மாத்திரமே எனக்குத் தெரியவேண்டும் என்று விதித்தார். அவ்வாறே தெரிந்தது. ஒன்ராறியோ மாகாணத்தவரின் வரிசைகளை மாத்திரம் காட்டு என்றார், மற்றவர்கள் மறைந்தார்கள். அப்படி மறைக்கப்பட்டிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. சம்பளப் பட்டியலை என் பெயரில் திறக்க முயன்றபோது மறுப்பு வந்தது. கணக்காய்வுப் பக்கத்தைத் திறந்து காட்டினார். என் பெயர், நேரம், நான் தொட முயன்ற அட்டவணை, 'மறுக்கப்பட்டது' என்ற குறிப்பு எல்லாம் ஒரு வரியில் இருந்தன. அந்த வரியை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த முகப்பைப் புகழ்வதற்காக நான் இதை எழுதவில்லை. மறுநாள் காலை, தேநீருக்கு முன்னரே, மருமகனிடம் என் சந்தேகங்களைக் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்ன பதில்களே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலாவது, ரேஞ்சரில் 'பொது' என்று ஒரு குழு உண்டு. கொத்தணிக்குள் நுழைய அனுமதி பெற்ற அத்தனை பேரும் தாமாகவே அதன் அங்கத்தவர்கள். அவசரத்தில் ஒரு நிர்வாகி, 'இன்றைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், யார் யாருக்கு அனுமதி தேவை என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை' என்று அந்தக் குழுவுக்கு வாசிப்பு அனுமதியைக் கொடுத்துவிட்டால் எல்லாக் கட்டுப்பாடும் முடிந்தது. அந்த அனுமதியை மறுநாள் மீளப் பெறவேண்டும் என்று யாருக்கு நினைவிருக்கும்? கொள்கைக்குக் காலாவதித் திகதி இடும் வசதி அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. ஆணியில் திறவுகோலைத் தொங்கவிடுபவன் திகதி இடப்போவதில்லை.

இரண்டாவது, பக்கக் கதவு. ஹைவ் என்பது ஹடூப்பில் கிடக்கும் கோப்புகளை அட்டவணைகளாகக் காட்டும் ஒரு சாளரம். தொலைபேசி இலக்கத்தை மறைக்கும் விதி அந்தச் சாளரத்தில்தான் வேலை செய்கிறது. அதே தரவு, கீழ்த்தளத்தில், சாதாரணக் கோப்பாகக் கிடக்கிறது. அந்தக் கோப்புறையை நேரடியாக வாசிக்க ஒருவருக்கு அனுமதி இருந்தால் மறைப்பு, வடிகட்டல் எதுவும் அவரைத் தடுக்காது. முழு இலக்கமும் தெரியும். இதிலே இன்னொரு நுட்பம்: அட்டவணைகளைப் பொறுத்தவரை, கொள்கை எதுவும் இல்லையென்றால் ரேஞ்சர் மறுத்துவிடும். கோப்புகளைப் பொறுத்தவரை, வழக்கமான அமைப்பில், கொள்கை இல்லையென்றால் ஹடூப்பின் பழைய கோப்பு அனுமதி என்ன சொல்கிறதோ அதன்படி விட்டுவிடும். முகப்பில் எல்லாம் ஒழுங்காகத் தெரிய, கீழே கோப்புறை எவருக்கும் திறந்திருக்கலாம். முன் கதவில் காவலாளி, பின் வளவில் வேலி இல்லாத வீடு. திரையைப் பார்த்துவிட்டுப் 'பாதுகாப்பு உண்டு' என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதுபவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த அளவு அவ்வளவுதான்.

மூன்றாவது விடயம்தான் என்னை மிகவும் உறுத்தியது. கணக்காய்வுப் பக்கத்தைப் பார்த்து நான் மயங்கியிருந்தேன் அல்லவா? ஒவ்வொரு கொள்கைப் படிவத்திலும் 'பதிவு செய்க' என்று ஒரு சிறு ஆளி இருக்கிறது. கொள்கையை எழுதுபவரே அதை அணைக்கலாம். அணைத்தால் அந்தக் கொள்கையின் கீழ் நடக்கும் வாசிப்புகள் பதிவாகமாட்டா. அணைத்தார் என்ற செய்தி நிர்வாகிகளின் செயல்களைப் பதியும் வேறொரு பக்கத்தில் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்ப்பவர் யார்? பெரும்பாலான இடங்களில் அதே நிர்வாகி, அல்லது அவருக்குப் பக்கத்து மேசையில் இருப்பவர்.

இதை உணர்ந்தவர்களும் அந்த மென்பொருளை ஆக்கியவர்களில் இருந்திருக்கிறார்கள். தரவை மறைகுறியாக்கிப் பூட்டும் திறவுகோல்களைப் பராமரிக்க அவர்கள் தனியொரு பொறுப்பை வைத்தார்கள். பொது நிர்வாகியாக நுழைபவருக்குத் திறவுகோல்களின் பகுதி தெரியாது; திறவுகோல் நிர்வாகியாக நுழைபவருக்கு மற்றக் கொள்கைகள் தெரியா. கோப்பு முறைமையின் அதியுயர் பயனரால்கூட, வழக்கமான அமைப்பில், அந்தப் பூட்டைத் திறந்து உள்ளடக்கத்தை வாசிக்க இயலாது. எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் மாற்றமுடியாது என்ற கணக்காய்வாளர் பொறுப்பும் உண்டு. மொன்ரெஸ்கியூ சொன்ன அதிகாரப் பிரிவினையை மூன்று கடவுச்சொற்களில் அடக்கிவிட்டார்கள் என்று நான் மகிழ்ந்தேன். மருமகன் சிரித்தார். "மாமா, ஆள் பற்றாக்குறை உள்ள இடத்திலை மூண்டு கடவுச்சொல்லும் ஒரே ஆளிட்டைத்தான் இருக்கும்."

2018 ஜனவரியில் இந்தியாவில் நடந்ததை பத்திரிகையாளர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. சண்டிகரிலிருந்து வெளிவரும் 'தி ரிபியூன்' நாளிதழின் செய்தியாளர், 500 ரூபாய் கொடுத்து, சில நிமிடங்களில், ஆதார் விபரங்களைப் பார்வையிடும் இணைய வாயிலுக்கான பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பெற்றார். ஆதார் இலக்கத்தை இட்டால் பெயர், விலாசம், புகைப்படம், தொலைபேசி இலக்கம் வந்தன. மேலும் 300 ரூபாய்க்கு அட்டையை அச்சிடும் மென்பொருளும் கிடைத்தது. கைரேகை, கண்மணித் தரவுகள் கசியவில்லை என்று ஆதார் அதிகாரசபை அறிவித்தது. இருக்கலாம். அந்தக் கதையில் எந்த மேதையும் மறைகுறியை உடைக்கவில்லை. சட்டப்படி வழங்கப்பட்ட திறவுகோலை யாரோ கைமாற்றி விற்றார்கள், அவ்வளவுதான். பின்னர் காவல்துறை பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையில் அந்தச் செய்தியாளரின் பெயரும் இடம்பெற்றது. ஆணியில் தொங்கும் திறவுகோலைச் சுட்டிக்காட்டியவருக்குக் கிடைத்த மரியாதை அது.

தொழினுட்பம் பற்றி எழுத நீ யார் என்று சிலர் கேட்கக்கூடும். நான் தொழினுட்பவியலாளன் அல்லன். ஆனால் இடாப்புகள் என்ன செய்யும் என்பதை எங்கள் தலைமுறை அறியும். 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்ததைப் பலர் கண்டு சாட்சியம் கூறியிருக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் எந்த ஒழுங்கையில் எத்தனையாவது வீடு தமிழருடையது என்று அறிய அவர்களுக்கு ஒற்றர்கள் தேவைப்படவில்லை. பெயரும் விலாசமும் அச்சிட்ட தாள்கள் போதுமாயிருந்தன. வாக்காளர் இடாப்பு இரகசிய ஆவணம் அல்ல. தேர்தல் நடத்துவதற்காக, நல்ல நோக்கத்துக்காகத் தயாரிக்கப்பட்டது. ஒரு நோக்கத்துக்காகச் சேர்த்தது இன்னொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது. அன்று தாள்களை ஒழுங்கை ஒழுங்கையாகச் சுமந்து திரியவேண்டியிருந்தது. இன்று ஒரு நிரலில் வடிகட்டினால் விநாடியில் வந்துவிடும்.

இலங்கை இப்போது டிஜிட்டல் அடையாளத்தை நோக்கிச் செல்கிறது. இந்தியாவின் நிதியுதவியோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கான உடன்பாடு 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. அதே மாதத்தில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சான்றுரைப்படுத்தப்பட்டது. தெற்காசியாவில் முன்னோடியான சட்டமென்று அப்போது பேசப்பட்டது. மீறுவோருக்கு 10 மில்லியன் ரூபாய் வரை தண்டம் விதிக்க அது இடமளித்தது. அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025 இல் பின்தள்ளப்பட்டதும், அதே ஆண்டில் திருத்தச் சட்டமொன்று வந்ததும் வாசகர்கள் அறிந்தவை. இதனிடையே 2023 ஆகஸ்டில் இலங்கை அரச முகிற்கணிமை பணயத் தாக்குதலுக்கு உள்ளானபோது, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளின் மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் மீட்க முடியாமற் போயின. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லை. வைத்திருப்பதையே பேணத் தெரியாத கையில் மேலும் மேலும் இடாப்புகளைக் கொடுக்கிறோம் என்ற கவலை எழுவது இயல்பு. ஆனாலும், டிஜிட்டல் மயமாவதே தவறு என்று கூறும் கூட்டத்தில் நான் இல்லை. கச்சேரி வாசலில் பிறப்புச் சான்றிதழுக்காக நாள்முழுவதும் காத்துநின்றவன் அப்படிச் சொல்லமாட்டான். நீல மட்டை இடாப்பைவிட என் மருமகனின் திரை எவ்வளவோ மேல். பார்த்தவனின் பெயரை அது எழுதிவைக்கிறது.

என் கோரிக்கைகள் சிறியவை. எந்தத் திணைக்களமாயினும், மக்களின் தரவை வைத்திருக்கும் கொத்தணியின் நிர்வாக முகப்பில் முழு அதிகாரம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்கலாம் என்றே நான் நினைக்கிறேன். இளம் செய்தியாளர் எவரேனும் முயன்று பார்க்கட்டும். கணக்காய்வுப் பதிவுகள் அந்தத் திணைக்களத்துக்கு வெளியே, தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை போன்ற ஓரிடத்தில், உடனுக்குடன் பிரதியாகவேண்டும். அழிக்க விரும்பினாலும் அழிக்க இயலாதபடி. என் விபரத்தை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று நான் கேட்டால் பதில் கிடைக்கவேண்டும். எஸ்ரோனியா நாட்டில் குடிமக்கள் தமது தரவைப் பார்த்த அரச நிறுவனங்களின் பட்டியலை இணையவாயிலில் தாமே பார்க்கலாம். 13 இலட்சம் மக்களைக் கொண்ட சிறு நாடு அது. இங்கே அப்படி ஒன்றைக் கேட்டால், 'பாதுகாப்புக் காரணங்களுக்காக இயலாது' என்ற பதில் வரும் என்பதையும் நான் அறிவேன். யாருடைய பாதுகாப்பு என்று அந்தப் பதிலில் எப்போதும் சொல்லப்படுவதில்லை.

அரச நிறுவனங்களிலோ வங்கிகளிலோ இத்தகைய நிர்வாக முகப்புகளைக் கையாளும் தமிழ் இளைஞர்கள் பலர் இப்பத்தியை வாசிப்பதாக அறிகிறேன். மூன்று கடவுச்சொற்களும் மூன்று பேரிடம் இருக்கின்றனவா, கணக்காய்வுப் பக்கத்தைக் கடைசியாக யார் எப்போது திறந்தார்கள் என்று எழுதினால் இங்கேயே பிரசுரிப்பேன். புனைபெயரில் எழுதலாம். விலாசம் வேண்டாம்.